மவுஸைக் கணினி அடையாளம் காணவில்லையா? எந்த வரிசையில் சோதிப்பது: முழுமையான வழிகாட்டி

மவுஸைச் சொருகியாகிவிட்டது, அம்புக்குறி அசையவில்லை. அல்லது 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று திரையின் ஓரத்தில் ஒரு செய்தி வந்து மறைகிறது. அடுத்து பெரும்பாலானவர்கள் செய்வது இணையத்தில் டிரைவர் (சாதனத்தைக் கணினியோடு இயங்க வைக்கும் மென்பொருள்) தேடுவது. பெங்களூர் அல்சூரில் எங்கள் கணினிப் பயிற்சி அறைக்கு வரும் மாணவர்களும் சரி, வேலைக்காக ஊரிலிருந்து வந்து பி.ஜி.யில் தங்கியிருக்கும் இளைஞர்களும் சரி, இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டிரைவர் பழுதாவது அபூர்வம். மவுஸ், போர்ட் (அதைச் சொருகும் துளை), கணினி மென்பொருள் மூன்றில் எது பழுது என்று பிரித்துப் பார்க்காமல் மூன்றையும் ஒன்றாகக் கிளறுவதால்தான் அரை நாள் போகிறது.

கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். எதையும் மாற்றாமல் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை முன்னால் இருக்கின்றன. அமைப்புகளில் கை வைப்பவை பின்னால் வருகின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்; மேக், லினக்ஸ் பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேலை செய்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இன்னொரு மவுஸ் வேண்டும். பக்கத்து அறை நண்பரிடம் பத்து நிமிடம் இரவல் வாங்கினால் போதும். 'அநேகமாக நல்ல மவுஸ்தான்' என்று அலமாரியிலிருந்து எடுத்த பழையதை நம்ப வேண்டாம். சந்தேகத்துக்குரிய ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதித்தால் விடை வராது.

இன்னொரு கணினி இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனும், போனில் யுஎஸ்பி சாதனத்தைச் சொருக உதவும் ஒரு ஓடிஜி அடாப்டரும் போதும். மவுஸை அதில் சொருகினால் போன் திரையில் சிறிய அம்புக்குறி தோன்றும். தனி அறையில் ஒரே ஒரு லேப்டாப்போடு இருப்பவருக்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

வயர்லெஸ் மவுஸ் என்றால் புதிய பென்சில் செல் ஒன்று வேண்டும். சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிய செல் இதற்கு ஆகாது. கடிகாரத்துக்குத் தேவையான மின்சாரம் மிகக் குறைவு. அதை ஓட்டும் செல் மவுஸின் ரேடியோவை ஓட்டும் என்று சொல்ல முடியாது.

திறந்திருக்கும் கோப்புகளையெல்லாம் கன்ட்ரோல், எஸ் அழுத்திச் சேமித்துவிடுங்கள். பின்னால் வரும் படிகளில் கணினியை அணைக்க வேண்டிவரும்.

## 2. மவுஸ் இல்லாமல் கணினியை ஓட்டத் தெரிந்துகொள்ளுங்கள்

லேப்டாப்பில் டச்பேட் வேலை செய்கிறதென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். டெஸ்க்டாப் என்றால் தாண்டாதீர்கள். பாதி வழியில் ஒரு பட்டனை அழுத்த முடியாமல் தவித்து, பவர் பட்டனைப் பிடித்துக் கணினியைக் கொல்கிற நிலை இதைத் தெரியாததால்தான் வருகிறது.

முதலில் மனதில் பதிய வேண்டியவை இவ்வளவுதான். டேப் கீ ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நகர்த்தும். ஷிப்ட், டேப் சேர்ந்தால் பின்னோக்கி. அம்பு கீக்கள் பட்டியலுக்குள் மேலும் கீழும் போகும். வலது அம்பு மடங்கியிருக்கும் பட்டியலை விரிக்கும். என்டர் கீ தேர்ந்தெடுக்கும். ஷிப்ட், எஃப் 10 சேர்த்து அழுத்தினால் ரைட் கிளிக் மெனு வரும். ஆல்ட், எஃப் 4 ஜன்னலை மூடும். டெஸ்க்டாப்பில் நின்றுகொண்டு அதையே அழுத்தினால் ரீஸ்டார்ட் செய்வதற்கான பெட்டி வரும்.

கணினியோடு இணைந்த சாதனங்களின் பட்டியலான டிவைஸ் மேனேஜரைத் திறக்க, விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தி விடுங்கள், பிறகு எம் கீயைத் தட்டுங்கள்.

எண் கீக்கள் தனியாக உள்ள கீபோர்டு என்றால் இன்னொரு வசதியும் இருக்கிறது. இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லாக் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் 'மவுஸ் கீஸ்' வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். என்டர் தட்டுங்கள். இனி 8, 2, 4, 6 எண்கள் அம்புக்குறியை மேல், கீழ், இடம், வலம் நகர்த்தும். 5 கிளிக் செய்யும். மெதுவாகத்தான் நகரும். ஆனால் டேப் கீ எட்டாத ஒரு பட்டனை அழுத்த வேண்டி வந்தால் இதுதான் கை கொடுக்கும்.

## 3. எந்த வகைக் கோளாறு என்று முதலில் பாருங்கள்

"அண்ணா, அடியில சிவப்பு லைட் எரியுதுண்ணா, அப்ப மவுஸ் நல்லாத்தானே இருக்கு?" எங்கள் அறையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை: விளக்கை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

யுஎஸ்பி மவுஸின் கேபிளுக்குள் வழக்கமாக நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, 5 வோல்ட்டும் கிரவுண்டும். மற்ற இரண்டு தகவலுக்கு. விளக்கு எரிய முதல் இரண்டு போதும். தகவல் கம்பி ஒன்று அறுந்திருந்தாலும் விளக்கு அழகாக எரியும், கணினிக்கோ மவுஸ் இருப்பதே சரியாகத் தெரியாது.

சொருகியவுடன் உள்ளே நடப்பது தெரிந்தால் மற்ற படிகள் தானாகப் புரியும். போர்ட்டில் ஏதோ வந்திருக்கிறது என்பதை மின்னழுத்த மாற்றத்தால் கணினி உணர்கிறது. 'நீ யார், என்ன வகை, யார் தயாரித்தது' என்று கேட்கிறது. மவுஸுக்குள் இருக்கும் சிப் தன் விவரத்தை அனுப்ப வேண்டும். அந்த விவரம் வரவில்லை, அல்லது சிதைந்து வந்தது என்றால்தான் 'அடையாளம் தெரியவில்லை' என்ற செய்தி. டிரைவர் தேடும் கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு டிரைவர் தேடுவது ஏன் வீண் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே மவுஸைச் சொருகி மூன்றைக் கவனியுங்கள்: விளக்கு எரிகிறதா, விண்டோஸ் சொருகல் ஒலி எழுப்புகிறதா, செய்தி ஏதும் வருகிறதா.

விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை என்றால் மின்சாரமே போகவில்லை. போர்ட், கேபிள், ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) மூன்றில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தும் மவுஸ்களும் உண்டு. அவற்றில் விளக்கு தெரியாததை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

விளக்கு இருக்கிறது, 'நாட் ரெகக்னைஸ்டு' செய்தி வருகிறது என்றால் பேச்சு நடக்கத் தொடங்கி முறிந்திருக்கிறது. பெரும்பாலும் கேபிளும் இணைப்பும்தான் காரணம்.

ஒலி சரியாக வருகிறது, செய்தி எதுவும் இல்லை, அம்புக்குறி மட்டும் தாவுகிறது அல்லது நிற்கிறது என்றால் கணினி மவுஸை அடையாளம் கண்டுவிட்டது. கண்ணாடி மேசை, பளபளக்கும் சன்மைக்கா, சென்சார் துளையில் ஒட்டிய முடி, தூசி இவற்றைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளை அடியில் வைத்து நகர்த்தினால் உடனே தெரிந்துவிடும். இந்த வகையினருக்கு இந்த வழிகாட்டியின் மிச்சம் தேவையில்லை.

## 4. மவுஸா, போர்ட்டா: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மவுஸையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றிவிட்டு வேலை செய்தால், எது பழுது என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். நாளை மறுபடி அதே கோளாறு வரும்.

முதலில் நடுவில் இருப்பதையெல்லாம் கழற்றுங்கள்: ஹப், டைப் சி அடாப்டர், மானிட்டரின் பக்கவாட்டு போர்ட், எக்ஸ்டென்ஷன் கேபிள். மவுஸ் நேராகக் கணினியில் சொருகப்பட வேண்டும். டைப் சி மட்டும் உள்ள மெல்லிய லேப்டாப் என்றால் ஹப்பைத் தவிர்க்க முடியாது. அப்போது ஹப்பில் மவுஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தனி மின்சாரம் இல்லாத ஹப், லேப்டாப்பின் ஒரே போர்ட்டிலிருந்து வரும் மின்சாரத்தை எல்லோருக்கும் பங்கு வைக்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லியாம்பியர். மவுஸுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு தாராளம். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று அதே ஹப்பில் இருந்தால் மிச்சமிருப்பது நிச்சயமில்லை.

கேபிளின் நீளமும் கணக்கில் வரும். மவுஸ் போன்ற மெதுவான சாதனங்களுக்கு யுஎஸ்பி விதிமுறை வைத்திருக்கும் எல்லை சுமார் 3 மீட்டர். அறையின் மறுகோடிக்கு எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டு இழுத்தால் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது.

பிறகு போர்ட்டை மட்டும் மாற்றுங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்கத்துக்குப் போங்கள். பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பதிந்தவை. முன்பக்கத்தவை கேபினெட்டுக்குள் ஒரு கேபிள் வழியாக மதர்போர்டைச் சேர்கின்றன. அந்தக் கேபிள் தளர்வது சாதாரணம். சொருகும்போது போர்ட் ஆடுகிறதா, உள்ளே நாக்கு போன்ற பிளாஸ்டிக் வளைந்திருக்கிறதா என்று போன் டார்ச்சில் பாருங்கள். பஞ்சு, தூசி இருந்தால் கணினியை அணைத்துவிட்டு மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள். குண்டூசி, ஹேர்பின் கொண்டு குத்த வேண்டாம். 5 வோல்ட் பின் கிரவுண்டில் பட்டால் போர்ட்டே போய்விடக்கூடும்.

அடுத்து, அதே போர்ட்டில் இரவல் மவுஸைச் சொருகுங்கள். கடைசியாக, உங்கள் மவுஸை இன்னொரு கணினியிலோ போனிலோ சொருகுங்கள்.

உங்கள் மவுஸ் எங்கேயும் வேலை செய்யவில்லை, இரவல் மவுஸ் உங்கள் கணினியில் ஓடுகிறது என்றால் மவுஸ்தான் பழுது. நேராக 11ஆம் பகுதிக்குப் போங்கள். உங்கள் மவுஸ் வேறிடத்தில் ஓடுகிறது, உங்கள் கணினியின் ஒரு போர்ட்டில் மட்டும் எந்த மவுஸும் ஓடவில்லை என்றால் அந்த போர்ட் பழுது. அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள். எந்த மவுஸும் எந்த போர்ட்டிலும் ஓடவில்லை என்றால் மட்டுமே கணினியின் உள்பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். அடுத்த படிகள் அந்த நிலையில் இருப்பவர்களுக்கானவை.

மவுஸை இப்படிச் சோதிக்கும்போது கேபிளை, மவுஸுக்குள் நுழையும் இடத்திலும் பிளக் பக்கத்திலும், மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. லேப்டாப் பையில் மவுஸைச் சுற்றிச் சுற்றி வைப்பவர்களுக்கு அறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

பச்சை நிற வட்ட பிளக் கொண்ட பழைய பிஎஸ்/2 மவுஸ் என்றால் ஒரு வேறுபாடு உண்டு. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது சொருகினால் அது பார்க்காது. அணைத்துவிட்டுச் சொருகி, பிறகு போடுங்கள்.

## 5. ரீஸ்டார்ட், பிறகு மின்சாரத்தை முழுவதும் வடித்தல்

'ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகல' என்பவர்கள் உண்மையில் கணினியைப் புதிதாகத் தொடங்கவில்லை. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதி) நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுமுறை அப்படியே திரும்ப ஏறுகிறது. யுஎஸ்பி பகுதி குழம்பிப்போயிருந்தால் குழப்பமும் சேர்ந்தே வரலாம். 'ரீஸ்டார்ட்' தான் முழுமையாகப் புதிதாகத் தொடங்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மின்சாரத்தை வடியுங்கள். கணினியை அணைத்து, டெஸ்க்டாப் என்றால் சுவர் ஸ்விட்சையும் அணைத்து வயரைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள், பேட்டரி கழற்றக் கூடியதானால் அதையும். யுஎஸ்பியில் இருப்பதெல்லாம் வெளியே வரட்டும். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் விட்டு மறுபடி இணைத்து, மவுஸை மட்டும் சொருகிக் கணினியைப் போடுங்கள்.

காரணம் இதுதான். போர்ட்டில் அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் மதர்போர்டின் பாதுகாப்பு அந்த போர்ட்டுகளை நிறுத்திவைக்கும். கணினி அணைந்திருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை மதர்போர்டின் ஒரு பகுதி விழித்தே இருக்கிறது. அதையும் தூங்க வைத்தால்தான் அந்த நிலை கலையும். மின்வெட்டு வந்து, யுபிஎஸ் மாறி, மின்சாரம் திரும்பிய உடனே மவுஸ் செத்துப்போன டெஸ்க்டாப்புகளில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

## 6. விண்டோஸ் ஏறும் முன் ஒரு சோதனை

மிகக் குறைவானவர்களே செய்யும் படி இது. ஆனால் வன்பொருளா மென்பொருளா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான விடை கிடையாது.

கணினி தொடங்கும்போது டெலீட் கீயையோ எஃப் 2 கீயையோ தட்டிக்கொண்டே இருங்கள். எது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் திரை வரும். படங்களோடு வரும் புதிய வகைத் திரை என்றால் அதில் மவுஸ் அம்புக்குறி இருக்கும். அங்கே விண்டோஸ் இல்லை, விண்டோஸ் டிரைவரும் இல்லை. அம்புக்குறி அங்கே நகர்கிறதென்றால் மவுஸும் போர்ட்டும் நல்லவை, கோளாறு விண்டோஸில். அங்கேயும் நகரவில்லை என்றால் சந்தேகம் வன்பொருள் பக்கம் சாய்கிறது. நீல நிற எழுத்துத் திரை மட்டும் உள்ள பழைய கணினிகளிலும் பல லேப்டாப்புகளிலும் பயாஸில் மவுஸே கிடையாது. அங்கே இந்தச் சோதனை எதையும் சொல்லாது. ப்ளூடூத் மவுஸுக்கும் இது பொருந்தாது.

பார்த்துவிட்டு, எதையும் சேமிக்காமல் வெளியேறுங்கள். யுஎஸ்பி தொடர்பான அமைப்பு ஏதாவது 'டிசேபிள்டு' என்று இருந்து, அதை மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி கையில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். 48 இலக்கம் கொண்டது அது. பயாஸில் சில மாற்றங்கள் செய்தால் அடுத்த முறை கணினி அதைக் கேட்கும். சாவி இல்லாமல் நின்றால், மவுஸ் பிரச்சினை தரவுப் பிரச்சினையாக மாறிவிடும்.

விண்டோஸ் சரியாகத் தொடங்காதபோது வரும் மீட்புத் திரையில் மட்டும் மவுஸ் வேலை செய்யாமல் போவதும் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 11க்கு வந்த கேபி5066835 என்ற அப்டேட்டுக்குப் பிறகு, மீட்புத் திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் நின்றுபோயின. சாதாரண விண்டோஸில் அவை ஓடின. அக்டோபர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. எனவே மீட்புத் திரையில் மட்டும் தோற்றால் மவுஸைக் குற்றம் சொல்லாதீர்கள், அப்டேட்டுகளை முடியுங்கள்.

## 7. வயர்லெஸ் மவுஸ்: ரிசீவரும் செல்லும்

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணினியைப் பொறுத்தவரை, போர்ட்டில் சொருகிய சிறு ரிசீவர்தான் 'மவுஸ்'. செல் தீர்ந்துபோய் மவுஸ் முழுவதுமாகச் செத்திருந்தாலும் டிவைஸ் மேனேஜரில் 'எச்ஐடி கம்ப்ளையன்ட் மவுஸ்' என்ற வரி ஆரோக்கியமாகவே தெரியும். அதைப் பார்த்து 'கணினி கண்டுபிடித்துவிட்டது, டிரைவர்தான் சரியில்லை' என்று முடிவு செய்பவர்கள் பலர்.

அடிப்பக்க ஸ்விட்ச் 'ஆன்' பக்கம் இருக்கிறதா, புதிய மவுஸ் என்றால் செல்லுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் தாளை உருவியாயிற்றா, செல் திசை சரியா என்று பாருங்கள். ரிசீவரையே காணவில்லை என்றால் செல் மூடியைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் அதற்கென்று அங்கே ஒரு பள்ளம் உண்டு.

பிறகு, அது இந்த மவுஸின் ரிசீவர்தானா? நான்கு பேர் தங்கும் அறையில் ஒரே மாதிரி கறுப்பு மவுஸ் நான்கு இருக்கும். ரிசீவர்கள் மாறிப்போவது அங்கே வாரா வாரம் நடக்கும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் மவுஸும் ரிசீவரும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டவை. மற்றவருடையதைப் போட்டால் அசையாது. லாஜிடெக்கின் 'யூனிஃபையிங்', 'போல்ட்' வகை ரிசீவர்கள் ஆறு சாதனங்கள் வரை ஏற்கும், அதற்கான மென்பொருளால் மறுபடி ஜோடி சேர்க்கலாம். ஆனால் யூனிஃபையிங் மவுஸ் போல்ட் ரிசீவரோடு சேராது. ரிசீவரிலும் மவுஸ் அடியிலும் மார்க்கர் பேனாவால் ஒரே எண்ணை எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

இணைப்பு சேர்ந்து சேர்ந்து அறுகிறதா? ரிசீவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதன் கேபிளும் தகவல் அனுப்பும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன. இன்டெல் 2012இல் இதை விரிவாக அளந்து ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க் ஓடும்போது மட்டும் மவுஸ் தடுமாறினால் இதுதான் காரணம். ரிசீவரை யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிளில் வைத்து மேசை மேல் கொண்டுவாருங்கள். கேபினெட்டின் பின்னால், இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் ரிசீவரைச் சொருகிவிட்டு முன்னால் மவுஸை ஓட்டுவதும் இதே சிக்கலைத் தரும்.

## 8. ப்ளூடூத் மவுஸ்

ப்ளூடூத் மவுஸ் கடைசியாகச் சேர்ந்த சாதனத்தையே தேடும். நேற்று அலுவலக லேப்டாப்போடு சேர்த்திருந்தால், பையில் அணைக்காமலே இருக்கும் அந்த லேப்டாப்போடு அது இப்போதும் பேசிக்கொண்டிருக்கலாம். அதன் ப்ளூடூத்தை அணையுங்கள். 1, 2, 3 என்று சேனல் பட்டன் உள்ள மவுஸ் என்றால் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்.

பிறகு விண்டோஸில் பழைய பதிவை 'ரிமூவ் டிவைஸ்' கொடுத்து நீக்கிவிட்டு, மவுஸின் ஜோடி பட்டனைச் சில விநாடி பிடித்து விளக்கு வேகமாக மின்னத் தொடங்கியதும் புதிதாகச் சேருங்கள். பழைய பதிவை நீக்காமல் சேர்க்க முயல்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. இரண்டு பக்கமும் வைத்திருக்கும் ரகசியச் சாவி பொருந்தாவிட்டால் சேர்ந்தது போல் காட்டிவிட்டு அறுந்துவிடும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறை மாறும்போதும் இது நேர்வது அதனால்தான்.

## 9. டிவைஸ் மேனேஜர்

இங்கே வரும்போது மவுஸும் போர்ட்டும் நல்லவை என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வந்திருந்தால் 4ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

முதலில் பாருங்கள், எதையும் தொடாமல். 'மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ்' என்ற கிளையில் மவுஸ் இருக்கிறதா? 'யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்' கிளையில் 'அன்னோன் யுஎஸ்பி டிவைஸ்' என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது நிற்கிறதா? ஆல்ட், என்டர் அழுத்தினால் அதன் விவரம் வரும். கோட் 43 என்றால் சாதனம் தவறைத் தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது. பக்கத்தில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்றும் இருந்தால், நான் முன்பு சொன்ன 'நீ யார்' என்ற கேள்விக்கே பதில் வரவில்லை. கோட் 28 என்றால்தான் டிரைவர் நிறுவப்படவில்லை என்று பொருள். கோட் 22 என்றால் யாரோ அதை 'டிசேபிள்' செய்திருக்கிறார்கள். 'எனேபிள்' கொடுத்தால் முடிந்தது.

மவுஸின் வரியையோ, முக்கோணம் உள்ள வரியையோ தேர்ந்து டெலீட் கீயைத் தட்டி 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். மவுஸைப் பிடுங்குங்கள். ரீஸ்டார்ட் செய்து மறுபடி சொருகுங்கள். விண்டோஸ் தன்னிடமுள்ள டிரைவரைத் தானே போட்டுக்கொள்ளும். சாதாரண மவுஸுக்கான டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. பதிவிறக்க எதுவும் இல்லை. 'உங்கள் எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறோம்' என்று இணையத்தில் கிடைக்கும் இலவச மென்பொருள்களை அருள்கூர்ந்து தொடாதீர்கள். தேவையில்லாத விளம்பரங்களையும், சில நேரம் அதைவிடக் கேடானவற்றையும் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும்.

ஓர் எச்சரிக்கை. சில வீடியோக்கள் 'யுஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலர்' (யுஎஸ்பி போர்ட்டுகளை இயக்கும் பகுதி) எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யச் சொல்கின்றன. யுஎஸ்பி கீபோர்டு உள்ள டெஸ்க்டாப்பில் அதைச் செய்தால் கீபோர்டும் அந்த நொடியே போய்விடும். அப்படி நேர்ந்தால் பவர் பட்டனைச் சிறிது அழுத்திக் கணினியை அணைத்து மறுபடி போடுங்கள், விண்டோஸ் ஏறும்போது கன்ட்ரோலர்கள் பொதுவாகத் திரும்பிவரும். செய்துதான் ஆக வேண்டும் என்றால் இதைக் கடைசியாக வையுங்கள்.

சிறிது நேரம் சும்மா விட்டால் மட்டும் மவுஸ் காணாமல் போகிறது என்பவர்கள் மின்சேமிப்பைப் பார்க்க வேண்டும். 'யுஎஸ்பி ரூட் ஹப்' வரியின் விவரத்தில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற பக்கம் இருக்கும். 'அலவ் தி கம்ப்யூட்டர் டு டர்ன் ஆஃப் திஸ் டிவைஸ்' என்பதன் டிக்கை எடுங்கள். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்ற வரி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் அந்த வரி தெரியாது, கவலை வேண்டாம். இவற்றை நிறுத்தினால் லேப்டாப் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

## 10. மேக், லினக்ஸ், அலுவலக லேப்டாப்

ஆப்பிளின் சொந்தச் சிப் கொண்ட (ஆப்பிள் சிலிக்கன்) மேக்புக்கில், 2022இல் வந்த வென்சுரா என்ற மேக் பதிப்பு முதல், புதிய யுஎஸ்பி சாதனத்தைச் சொருகினால் 'அனுமதிக்கலாமா' என்று ஒரு பெட்டி கேட்கும். 'டோன்ட் அலவ்' கொடுத்துவிட்டால் விளக்கு மட்டும் எரியும், மவுஸ் ஓடாது. பிடுங்கி மறுபடி சொருகுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் இந்த அமைப்பை மாற்றலாம்.

லினக்ஸ் வகையான உபுண்டுவில், கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, எல் எஸ் யு எஸ் பி என்ற ஐந்து எழுத்துகளைச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடியுங்கள். மவுஸைச் சொருகும் முன் ஒருமுறை, சொருகிய பின் ஒருமுறை. பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தால் கணினி அதைப் பார்த்திருக்கிறது. கெர்னல் செய்திகளில் 'டிஸ்கிரிப்டர் ரீட்', 'எர்ரர் -71' என்று திரும்பத் திரும்ப வந்தால் கேபிளிலோ போர்ட்டிலோதான் கோளாறு. மென்பொருளில் தேட வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்ப்பவர்கள் கொண்டுவரும் அலுவலக லேப்டாப்பில் நான் டிவைஸ் மேனேஜரையோ பயாஸையோ திறப்பதில்லை. புதிய யுஎஸ்பி சாதனங்களை நிறுவனமே தடுத்துவைத்திருக்கலாம். முதல் நான்கு படிகளைச் செய்து பாருங்கள். அந்த மவுஸ் வீட்டுக் கணினியில் ஓடி, அலுவலக லேப்டாப்பில் மட்டும் ஓடவில்லை என்றால், அதை அப்படியே எழுதி ஐடி பிரிவுக்கு டிக்கெட் போடுங்கள். எந்தெந்தப் போர்ட்டில் பார்த்தீர்கள், என்ன செய்தி வந்தது என்று எழுதினால் அவர்களும் முதலிலிருந்து தொடங்க மாட்டார்கள்.

## 11. மவுஸ்தான் பழுது என்று தெரிந்தால்

வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டியையும் பில்லையும் தேடுங்கள். வாரண்டி இருக்கும்போது மவுஸைத் திறக்காதீர்கள். திருகு பெரும்பாலும் அடியிலுள்ள ஸ்டிக்கருக்குக் கீழே இருக்கும், அதைக் கிழித்தாலே வாரண்டி போய்விடலாம்.

வாரண்டி முடிந்த, நல்ல விலை கொடுத்து வாங்கிய மவுஸ் என்றால் அறுந்த இடத்தைவிட ஓரங்குலம் தள்ளி வெட்டி, கேபிளை மறுபடி சால்டர் செய்து தருபவர்கள் பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைப்பார்கள். சில நூறு ரூபாய் மவுஸுக்கு அந்தச் செலவு கட்டாது.

புதியது வாங்க எஸ்.பி. ரோட்டுக்கே போனால் உங்கள் லேப்டாப்பையும் பையில் எடுத்துப்போங்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே உங்கள் லேப்டாப்பில் சொருகிப் பார்த்துவிடலாம். கடைக்காரரின் கணினியில் ஓடுவதைக் காட்டினால் மவுஸ் நல்லது என்று மட்டும்தான் தெரியும். உங்கள் போர்ட்டோடு அது பேசுகிறதா என்பது தெரியாது. வயர்லெஸ் வாங்கினால் ரிசீவர் பெட்டிக்குள் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லி வாங்குங்கள்; வெறும் 'மவுஸ் 1' என்று எழுதிய சீட்டைக் காட்டி வாரண்டி கேட்பது கடினம்.

வீட்டுக்கு வந்ததும் 4ஆம் படியில் நல்லது என்று தெரிந்த போர்ட்டில் முதலில் சொருகுங்கள். பழைய மவுஸ் கடைசியாக நின்ற போர்ட்டில் புதியதை எடுத்தவுடன் போட வேண்டாம். அந்த போர்ட்டும் சேர்ந்து கெட்டிருந்தால், கடையில் ஓடிய மவுஸையே திருப்பிக் கொடுக்க அலைவீர்கள்.